நாலாவது கிளிக்குக் கண் இல்லை

சேலையை எப்போதும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத்தான் பார்க்க வேண்டும், முதலாளி. பத்தொன்பது வருடமாக உங்கள் கடைக்கு வரும் பட்டுச் சேலைகளை அப்படித்தான் குறை பார்த்து வாங்குகிறேன். நடந்ததை எழுத்தில் கொடு என்றீர்கள். மிரட்டியதற்காக இல்லை, எழுதுவது எனக்குப் பிடிக்கும் என்பதால் தருகிறேன்.

முகநூலில் நான் புனைபெயரில் ஒரு வாசகர் குழு நடத்துவது உங்களுக்குத் தெரியாது. ஆயிரத்து நூறு பேர் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு புத்தக விமர்சனம் போடுவோம். அதில் ‘கனகாம்பரம்’ என்ற புனைபெயரில் ஒருவர் எழுதுவார். நாலு வரிதான், ஆனால் அந்த நாலு வரிக்காகவே குழுவுக்கு வருகிறவர்கள் உண்டு. நன்றாக எழுதுகிறவர்களை ஊக்குவிப்பது என் வழக்கம். நானும் ஊக்குவித்தேன்.

போன தைமாதம் என் கவிதைத் தொகுதி என் புனைபெயரில் வெளிவந்தது. குழுவில் எல்லாரும் வாயாரப் பாராட்டினார்கள். கனகாம்பரம் இப்படி எழுதினார்: “நாற்பத்து மூன்று கவிதை. முப்பத்தோரு இடத்தில் நிலா வருகிறது. ஓரிடத்திலும் வெளிச்சம் இல்லை.” இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அதற்குச் சிரிப்புப் படம் போட்டிருந்தார்கள். நான் கோபப்படவில்லை. ‘நேர்மையான பார்வைக்கு நன்றி’ என்று எழுதி, கைகூப்பும் படமும் போட்டேன்.

விமர்சனத்தோடு என் புத்தகத்தின் படமும் இருந்தது. தறியில் பாதி நெய்த சேலைமேல் புத்தகத்தை வைத்து எடுத்திருந்தார்கள். ஓரத்தில் கிளிக் கரை. நாலாவது கிளிக்குக் கண் இல்லை. கரையின் உருவத்துக்கு ஜக்கார்டு அட்டையில் துளை குத்தியவன் ஒரு துளையை விட்டுவிட்டான், நினைவிருக்கிறதா? அந்த அட்டை முள்ளிப்பட்டு வேணுகோபால் வீட்டுத் தறியில் மட்டும்தான் ஓடுகிறது. வேணுகோபாலுக்குத் தன் பெயரைத் தவிர எதுவும் எழுத வராது. ஆக, அவர் மனைவி தேவகி.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்துக்குப் புகழும் பழியும் சகஜம். தறியில் உட்கார்ந்து படித்தால் கவனம் சிதறும், கடையின் பெயர் கெடும். என் கவலை அதுதான்.

மாசியில் தேவகி கொண்டுவந்த சேலையில் ஒரு குறையும் இல்லை. பிசிறு வெட்டும் கத்தரியின் முனையால் முந்தியில் மூன்று இழை வெட்டினேன். பிறகு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.

“நான் பாத்துகினேதாங்க நெய்தேன்,” என்றார் தேவகி. “எப்ப அறுந்துச்சின்னே தெர்லயே.”

“கண்ணைக் காட்டுங்கம்மா,” என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன்.

அடுத்த சேலையிலும் வெட்டினேன். கண் டாக்டர் பார்த்துவிட்டுக் குறை ஒன்றுமில்லை என்றாராம். தேவகி டாக்டரைவிட என்னை நம்பினார், நான் ஓட்டையைக் காட்டியவன் அல்லவா. மூன்றாவது சேலைக்கு வேணுகோபாலும் கூட வந்தார். “சும்மா புஸ்தகம் படிச்சிகினே இருந்தா கண்ணு இன்னாத்துக்கு ஆவும்?” என்று கடையில் எல்லார் முன்னாலும் கேட்டார். தேவகி தலையை நிமிர்த்தவில்லை. மூன்று சேலை பழுதானால் அந்த வீட்டுக்குப் பட்டு கொடுப்பதில்லை என்பது நீங்கள் வைத்த வழக்கம். தேவகி கெஞ்சியதால், கடைசியாக ஒரு சேலைக்கான பாவு நூல் கொடுக்கச் சொல்லி உங்களிடம் சிபாரிசு செய்தவன் நான்தான். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஞாயிறு கனகாம்பரம் குழுவில் எழுதினார்: “கண் சரியில்லை. தறி நின்றுவிடும் போல் இருக்கிறது. இனிப் படிக்க மாட்டேன். எல்லாருக்கும் நன்றி.” நானூறு பேர் வருத்தம் தெரிவித்தார்கள். ‘உடல்நலமே முக்கியம், சகோதரி’ என்று நானும் எழுதினேன்.

நாலாவது சேலையோடு ஒரு கட்டைப்பையும் கொண்டுவந்தார். உள்ளே அவருடைய புத்தகங்கள், என்னுடையதும் இருந்தது. “நீங்க ஏதோ வாசகர் குழு நடத்துறீங்கன்னு கேள்விப்பட்டேங்க. படிக்கிறவங்களுக்குக் குடுங்க,” என்றார். பையை வாங்கி வைத்துக்கொண்டு, அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் சேலையை வெட்டினேன். புது கேமரா மேசைக்கு நேர் மேலே வைத்திருப்பதை நான் கவனிக்கவில்லை. அன்றோடு அந்த வீட்டுக்குப் பட்டு நின்றது; நீங்கள் கேமராப் பதிவைப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

வேணுகோபால் இப்போது அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறார். தேவகி அங்கேயே முற்றம் பெருக்குகிறார் என்று சொன்னீர்கள். கேட்டு எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நான்கு சேலையையும் வெட்டியது நான். அந்தக் கண்ணில் எந்தக் குறையும் இல்லை.

இதைத் தேவகியிடம் காட்டப் போவதாகச் சொன்னீர்கள். தாராளமாகக் காட்டுங்கள். படித்துவிட்டு எப்படியிருக்கிறது என்று நாலு வரி எழுதினால் எனக்கு அனுப்புங்கள். இந்தத் தடவை குறை சொல்ல இடம் வைத்திருக்க மாட்டேன் என்று நம்புகிறேன்.