சுடாத துப்பாக்கியைப் பழுது பார்த்த விதம்

செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்ததற்கு நன்றி, ஆய்வாளரே. ஞாயிறு இரவு வந்த உங்கள் ஆட்களுக்கு அந்த எண்ணம் தோன்றவில்லை. நல்லவேளையாக வெறுந்தரை, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்ததும் வேலை முடிந்தது.

உங்களை வரச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. என் கொழுந்தனாரின் உடலை வண்டியில் ஏற்றும்போது, "பழைய துப்பாக்கி, ஏதோ கோளாறு, தானா வெடிச்சிருச்சு" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னீர்கள். இறந்தவரைப் பற்றி நீங்கள் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அந்தத் துப்பாக்கியைப் பற்றி அப்படிச் சொல்வதை என்னால் ஏற்க இயலாது. அதில் இப்போது எந்தக் கோளாறும் இல்லை. அதைப் பழுது பார்த்தவள் நான்.

என் கணவர் துப்பாக்கி பழுது பார்ப்பவர். பெயர்ப்பலகையில் அவர் பெயர் இருந்தது. நுண்ணிய வேலைகள் என் கையில் இருந்தன. அவர் காலமான பிறகும் பின்கட்டிலுள்ள பட்டறையை நானே நடத்துகிறேன். அங்கே ஒவ்வோர் அரத்துக்கும் ஓர் ஆணி உண்டு. ஒவ்வோர் ஆணியிலும் அதற்குரிய அரம் உண்டு. உலகத்திடம் நான் எதிர்பார்த்ததும் அவ்வளவுதான்.

கொழுந்தனாரை எல்லோரும் 'கர்னல்' என்று அழைத்தார்கள். அவர் ராணுவத்தில் இருந்ததில்லை. ராணுவத்துக்குச் சீருடை தைத்துக் கொடுத்த நிறுவனத்தில் பொத்தான் பிரிவைக் கவனித்தவர். அண்ணனின் சாவுக்கு வந்தவர், ஒரு வாரம் துணைக்கு இருப்பதாகச் சொல்லித் தங்கினார். அந்த வாரம் முடியவே இல்லை. என் திருப்புளியால் புட்டி திறந்தார். என் மெல்லிய அரத்தால் கால் நகத்தைத் தேய்த்தார். தேய்த்த அரத்தை வேறோர் ஆணியில் மாட்டினார். இதில் எது பெரிய குற்றம் என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

கூடத்துச் சுவரில் தொங்கிய அந்தத் துப்பாக்கி என் மாமனாருடையது. சிறு தோட்டாவின் விளிம்பில் ஊசி அடித்தால் சுடும் வகை. பல காலமாக அது சுடவில்லை. விசையை இழுத்தால் 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கர்னலுக்கு அந்தச் சத்தம் ஒரு பிழைப்பாகவே ஆகிவிட்டது. விருந்தாளிகள் வந்தால் உண்மையான தோட்டாவை எல்லோருக்கும் காட்டிவிட்டு உள்ளே போடுவார், குழலைத் தம் நெஞ்சில் வைத்துக்கொள்வார், "எமனுக்கே என்னைப் பாத்தா அலர்ஜி" என்பார், விசையை இழுப்பார். டொக். எல்லோரும் சிரிப்பார்கள். வழக்கமாக வரும் பல் வைத்தியர் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிப்பார். அவருக்கு ஞாபகசக்தி குறைவு.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் கர்னல் ஓர் அறிவிப்புச் செய்தார்.

"அண்ணி, திங்கட்கிழமை ஆளுங்க வர்றாங்க. பட்டறையக் காலி பண்றோம். பில்லியர்ட்ஸ் மேசை போடலாம்னு இருக்கேன்."

"என் சாமான்கள்?"

"பழைய இரும்புதானே, எடைக்குப் போட்டுடலாம். வீடு என் பேர்லதான இருக்கு, நான் என்ன வாடகையா கேக்கறேன்?"

"வேலை வந்துக்கிட்டு இருக்கு, தம்பி."

"என்ன பெரிய வேலை? சுவத்துல தொங்கற அந்த ஒண்ணையே அண்ணனால சரி பண்ண முடியல. நீங்க என்னத்த வெட்டி முறிக்கப் போறீங்க?"

கேள்வி நியாயமானது. மறுநாள் துப்பாக்கியை இறக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

பழுது பார்ப்பதில் அவசரப்படக் கூடாது. முதலில் தோட்டாவைச் சந்தேகித்தேன். புதிய தோட்டாவிலும் அதே டொக். அதை வெளியே எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் பூனை நகம் பட்டதுபோல் ஒரு கீறல், பள்ளம் இல்லை. ஊசி வந்து தொடுகிறது, ஆனால் அடிக்கவில்லை. உள்ளே எண்ணெய் இறுகிப் பிசினாகக் கிடந்தது, சுரண்டிக் கழுவினேன். ஸ்பிரிங் சோர்ந்திருந்தது, மாற்றினேன். அப்போதும் டொக். கடைசியாக ஊசியை எடுத்துப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தேன்.

அது தேய்ந்த ஊசி அன்று, ஆய்வாளரே. தேய்க்கப்பட்ட ஊசி. நுனியை யாரோ அரத்தால் சீராகக் குறைத்திருந்தார்கள். கீறல்கள் இடமிருந்து சாய்ந்து ஓடின. என் கணவர் இடக்கைக்காரர்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கர்னல் இளைஞராக இருந்தபோது ஒருநாள் குடித்துவிட்டு இதே வேடிக்கையை முதன்முதலாகச் செய்யப் போனார். துப்பாக்கி அப்போது நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தது. என் கணவர் பாய்ந்து பிடுங்கினார். அந்த வாரமே துப்பாக்கி ஊமையாகிவிட்டது. நான் பழுது பார்க்கட்டுமா என்று கேட்டபோது, "அத விடும்மா. அது அப்படியே இருக்கட்டும். அவன் ஒரு மடையன்" என்றார். சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்று அப்போது நினைத்தேன்.

ஆக, அண்ணன் தம்பிக்குக் கொடுத்த உயிர் அந்த ஊசி நுனியில் இருந்தது. அன்பான செயல்தான். ஆனால் மோசமான வேலை. நல்ல கருவியை வேண்டுமென்றே கெடுத்துச் சுவரில் மாட்டுவதை எந்தப் பட்டறைக்காரரும் செய்யக் கூடாது. கணவர் விட்டுச்சென்ற பிழையைத் திருத்துவது மனைவியின் கடமை என்று கருதினேன். புதிய ஊசி செய்தேன். மணல் பெட்டிக்குள் சுட்டுப் பார்த்தேன். ஒரு தோட்டாகூட மக்கர் செய்யவில்லை. எண்ணெய் போட்டுத் துடைத்து, பழைய இடத்திலேயே மாட்டினேன்.

வெளியே போயிருந்த கர்னல் திரும்பி வந்து முகர்ந்து பார்த்தார். "என்ன அண்ணி, எண்ணெய் வாசனை வருது?"

"துப்பாக்கியைத் துடைச்சேன், தம்பி."

"துடைச்சே தேச்சுடாதீங்க. என் பொழப்பே அதுலதான் ஓடுது."

அவர் கேட்டதற்கு உண்மையான பதிலைச் சொன்னேன். கேட்காததற்குப் பதில் சொல்வது என் பழக்கமில்லை. ஞாயிறு மாலை பல் வைத்தியரும் பக்கத்து வீட்டுக்காரரும் வந்தார்கள். கர்னல் துப்பாக்கியை இறக்கியபோது நான் தட்டில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கைப்பிடிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும். அது கவனம் தேவைப்படும் வேலை. அவர் எமனைப் பற்றிச் சொன்னார். பல் வைத்தியர் வழக்கத்தைவிடச் சற்று முந்திச் சிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கர்னல் நகம் தேய்த்த அரம் இப்போது தன் ஆணியில் இருக்கிறது. ஆகவே கோளாறு என்ற பேச்சைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். துப்பாக்கி பிழையின்றி இயங்கியது. அதற்குப் பொறுப்பு நான். ஆனால் கொலை என்றும் சொல்லிவிடாதீர்கள். நான் ஒரு பழுதை நீக்கினேன், அவ்வளவுதான். அதன் பிறகு அவர் என்ன செய்வார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கூடத்துக் கம்பளத்தைத்தானே கேட்கிறீர்கள்? அது மாடியில் பத்திரமாக இருக்கிறது. வெளிர் நிறம், கறை பட்டால் போகாது. ஞாயிறு காலையிலேயே சுருட்டி எடுத்து வைத்துவிட்டேன்.