நில்லாமல் மேற்கே நகரும் கடலோரக் கம்பத்தைக் காத்த வில்மா ஓஸ்ட்பி அவர்களுக்குப் பணிநிறைவு வாழ்த்து மடல்

வான்கூவர் தீவின் வழுவாத அளவையே! மில்லிமீட்டர்களை மழையில் நனைந்து மீட்டுவந்த மாதரசியே! பூமியின் நாடி பிடித்த பேரறிவே!

“நாடியாவது, மண்ணாங்கட்டியாவது! பாறையில ஒரு கம்பம், அது மேல ஆன்டெனா, அவ்வளவுதான்” என்று முன்வரிசையில் நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. பொறுத்தருள்க.

முப்பது ஆண்டுகள் செயற்கைக்கோள்களின் துணையோடு இத்தீவின் நகர்வை அளந்தீர்கள். கடலடிப் பாறைத்தட்டு அடியில் நுழைந்து நிலத்தைக் கிழக்கே நெருக்குவதையும், ஆண்டுக்கொருமுறைபோல அது ஆழத்தில் ஓசையின்றி வழுக்க, உள்நாட்டுக் கம்பங்கள் இரண்டு வாரம் மேற்கே நகர்ந்து ஓய்வதையும் எங்களுக்குக் காட்டினீர்கள்.

இம்முறை ஓயவில்லை. ஐந்தாவது வாரம் நடக்கிறது. இதுவரை திரும்பியறியாத கடலோரப் பள்ளிக் கம்பமும் மேற்கே திரும்பிவிட்டது. பெருநடுக்கம் பிறக்கும் இடத்தை வழுக்கல் எட்டிவிட்டதோ? மேதைகளாகிய நாங்கள் செய்ததென்ன? ஒத்துவராத அந்தக் கம்பத்தைக் கணக்கிலிருந்து நீக்கினோம். வரைபடம் அழகாக வந்தது. நீங்களோ நேரில் போய், கம்பத்தைத் தட்டி, பாறையைத் தடவிப் பார்த்து, அதை மீண்டும் சேர்த்தீர்கள்.

“ஏதாவது கடற்பறவை உட்கார்ந்திருக்கும், வில்மா” என்றார் இயக்குநர் பிரெண்டன்.

“திறப்பு விழால நீங்களே அது மேல சாய்ஞ்சு நின்னீங்க, பிரெண்டன். அப்பவே அசையல!”

சிரித்தோம். வரைபடத்தை மறுபடி பார்த்தபின் எவரும் சிரிக்கவில்லை. நாங்கள் ஆராயக் குழு அமைத்தோம். நீங்கள் பள்ளித் தலைமையாசிரியை ஜோலீனை அழைத்தீர்கள்.

“நிலநடுக்கம் நிச்சயமா வருமா, வில்மா?”

“தெரியாது, ஜோலீன். வந்தா, அலை வர்றதுக்குள்ள சின்னப் பிள்ளைங்களால மேடு ஏற முடியாது. அது தெரியும்.”

திங்கள் முதல் பள்ளி மேட்டிலுள்ள ஹாக்கி அரங்கில் நடக்கிறது. பெற்றோர் ஏசுகிறார்கள். நீங்கள் ஓய்வுபெற்றதும் பிள்ளைகளைக் கீழே இறக்கிவிடலாம் என்று மேலிடம் காத்திருந்தது. நேற்று நிலையத்தில் சால்மன் மீன் உண்ணும்போது வெளியே ஒரு லாரி போயிற்று. அறை முழுவதும் அண்ணாந்து, விளக்கு ஆடுகிறதா என்று பார்த்தது. இந்த மடலின் சட்டத்துக்குக் கண்ணாடி ஏன் போடவில்லை என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

ஒன்று மட்டும் அறிக. பிள்ளைகள் மேட்டிலேயே இருக்கட்டும் என்று இன்று காலை ஜோலீனிடம் நாங்களே சொல்லிவிட்டோம். பேசியவர் பிரெண்டன். 

அம்மையே! முப்பது ஆண்டுகள் பிழைபடாத உங்கள் கணிப்பு, இந்த ஒருமுறை பிழைபடுக! ஊரெல்லாம் உங்களைக் கேலி பேச, பேசுவதற்கு ஊரும் இருக்க, நோயின்றி நூறாண்டு வாழ்க!

அன்போடும் அடங்காத அச்சத்தோடும்,
நிலநகர்வு அளவை நிலையத்தார்