ஏழாம் பக்கப் பெட்டிச் செய்தி

செய்தித்தாளை நான் பின்னாலிருந்துதான் படிப்பேன். முதல் பக்கத்தை ஊரே படிக்கும். டீக்கடையில் நிற்பவர்கூடச் சொல்லிவிடுவார். கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் அங்கே கை வைப்பதில்லை. உள்பக்கத்தில் நாலு வரிப் பெட்டிச் செய்தி இருக்கும் பாருங்கள், அதில்தான் அவர்களுக்குப் பிரியம். ஒன்பது வருடம் தேர்வு எழுதி நான் கற்றுக்கொண்டது இதுதான் என்றால் சிரிப்பீர்கள். ஆனால் அதனால்தான் எங்கள் படிப்பு வட்டத்தில் எனக்குப் ‘பேப்பர் அக்கா’ என்று பெயர்.

என் அறைத்தோழியைக் ‘கணக்கு’ என்று கூப்பிடுவோம். என்னைவிடப் பதினொரு வயது சின்னவள். இரண்டு வருடம் ஒரே மாடி அறையில் இருந்தோம். எனக்குக் கணக்கு வராது. அவளுக்குப் பேப்பர் படிக்கப் பொறுமை கிடையாது. அதனால் ஓர் ஏற்பாடு. மாலையில் அவள் எனக்குக் கணக்கு சொல்லித் தருவாள். காலையில் நடப்பு நிகழ்வுகளைக் குறிப்பெடுத்து நான் அவளுக்குச் சொல்வேன். நியமனங்கள் சிவப்பு மையில், திட்டங்கள் பச்சை மையில், மற்றதெல்லாம் நீலத்தில். ஓரத்தில் தேதியும் பக்க எண்ணும். “ஐ.நா. சபையே உங்களைக் கேட்டுட்டுத்தான் கூடும் போலக்கா” என்று கிண்டல் செய்வாள். பேப்பரை அவள் கையால் தொட்டதே இல்லை. நான் சொன்னதுதான் அவளுக்கு உலகம்.

காலை ஆறு மணிக்கு அவள் குளிக்கப் போவாள். அந்த நேரத்துக்குத்தான் பேப்பர் வரும். குளியலறைக்குள் இருந்தபடியே குரல் கொடுப்பாள்: “அக்கா, இன்னைக்கு என்ன விசேஷம்?” நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிப்பேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவிலும் ஒரு தேதியை மாற்றிச் சொன்னால் பிடித்துவிடுவாள்.

அந்த வருடத் தேர்வுதான் எனக்குக் கடைசி. பிறந்தநாள் வந்தால் வயது வரம்பு தாண்டிவிடும். போன முறை ஒரே ஒரு கேள்வியில் போனது. அம்மா உறவுக்காரர்களிடம் எனக்கு வேலை கிடைத்துவிட்டது, பயிற்சியில் இருக்கிறாள் என்று சொல்லிவைத்திருந்தாள். நாலு வருடமாக நான் பயிற்சியில் இருந்தேன். கல்யாணம், காதுகுத்து எதற்கும் என்னைக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் பொய் வெளுத்துவிடும். அப்பா தேர்வைப் பற்றிக் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டார். போனில் “சாப்பிட்டியாம்மா” என்பார், வைத்துவிடுவார். அவர் திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

அந்த வருடம் ஆவணக் காப்பகப் பிரிவில் காலியிடம் ஒன்று. நானும் விண்ணப்பித்தேன், அவளும் விண்ணப்பித்தாள். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டாள். “உங்களுக்குப் பரவாயில்லையாக்கா?” என்றாள். “அவரவர் தலையெழுத்துடி, போடு” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அப்போது மாதிரித் தேர்வு தொடங்கவில்லை. தொடங்கிய பிறகு நான்கு வாரமும் அவள் முதல், நான் இரண்டாவது.

அந்தச் செய்தி வந்தது ஒரு புதன்கிழமை, ஏழாம் பக்கத்தில். ஒரு நிறுவனத்தின் கேஸ் வெந்நீர் ஹீட்டரில் பர்னர் கோளாறு. நிறமும் மணமும் இல்லாத நச்சுவாயு கசிகிறது. மூன்று பேர் இறந்திருக்கிறார்கள். விற்றதை எல்லாம் திரும்பப் பெறத் தர ஆணையம் உத்தரவு. கீழே மூன்று மாடல் எண்கள். நல்ல கேள்வி, கட்டாயம் வரும் என்றுதான் முதலில் தோன்றியது. கத்தரித்து என் நோட்டில் ஒட்டினேன். ஆணையத்தின் பெயரை அடிக்கோடிட்டேன்.

உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. “என்னக்கா இன்னைக்கு?” என்றாள்.

“ஒண்ணும் பெருசா இல்லடி” என்றேன்.

அவள் நூலகம் போன பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, எங்கள் குளியலறை ஹீட்டரில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தேன். இரண்டாவது எண். மறுநாள் முதல் நான் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். ஏன் என்று கேட்டாள். மூளை சுறுசுறுப்பாக இருக்கிறது என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன், அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தேர்வு வரை அவளுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அவளுக்கு இன்னும் பதினொரு வருடம் இருந்தது. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது. தலைவலி வந்தது. வாந்தி வருவதுபோல் இருக்கிறது என்றாள். “ரொம்பப் படிக்கிறேனோக்கா?” என்று அவளே காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டேன். தொண்ணூற்றொன்றில் இருந்த மதிப்பெண் எழுபத்தெட்டுக்கு வந்தது. அந்த வாரம் நான் முதல். அவள்தான் எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாள். “அக்கா ஜெயிச்சா நான் ஜெயிச்ச மாதிரி” என்றாள். அப்படிப் பேசக்கூடியவள்தான், நடிப்பு தெரியாது.

அது அப்படியே நின்றிருந்தால் நீங்கள் இன்று இங்கே வந்திருக்க மாட்டீர்கள். அவள் ஊருக்குப் போய் மூன்று நாள் தங்கினாள். தலைவலி போன இடம் தெரியவில்லை. திரும்பிவந்து எழுதிய மாதிரித் தேர்வில் தொண்ணூற்று மூன்று. தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா போன் செய்து, “தம்பி சம்பந்தி வீட்டுல எந்த ஆபீஸ்னு கேக்கறாங்க, என்ன சொல்லட்டும்?” என்றாள். காப்பகம் என்று சொல்லச் சொன்னேன்.

அடுத்த மூன்றாம் நாள் காலையில் அவள் இறந்தாள். விபத்து என்று எழுதினார்கள். வீட்டுக்காரம்மா, “எனக்குப் பேப்பர் படிக்கிற வழக்கமே இல்லையே” என்று எல்லோர் காலிலும் விழுந்தாள். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நோட்டு எப்படி வெளியே போனது என்று கேட்டீர்கள். நான்தான் கொடுத்தேன். அவள் தங்கையும் தேர்வுக்குப் படிக்கிறாள். துக்கம் கேட்கப் போனபோது, “எங்கக்கா நோட்டுல எல்லாமே நீங்க சொன்னதுதான்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டது அந்தப் பெண். தேர்வில் தேறிய பிறகு என் நோட்டுகளைக் கட்டி அனுப்பினேன். அவ்வளவு உழைப்பு வீணாகக் கூடாது. தேதி போட்டிருந்ததும் பக்கம் போட்டிருந்ததும் என் பழக்கம். அந்தப் பெண் தேதிகளை எண்ணிப் பார்த்திருக்கிறது. அக்காவைப் போலவே கணக்கில் கெட்டி.

நோட்டைப் பற்றி மட்டும்தான் கேட்கிறீர்கள். செய்தியை மறைப்பது குற்றமா என்று உங்களுக்கே சந்தேகம் இருப்பது முகத்தில் தெரிகிறது. செய்தி எல்லோருக்கும் பொதுதான், அவளும் படித்திருக்கலாம். இந்த ஒரு வாதத்தை நான் பல நாள் சொல்லிப் பார்த்தேன். ஜன்னல் மட்டும் இல்லாவிட்டால் அது நிற்கும்.

குளியலறையில் உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு, மொட்டைமாடிப் பக்கம் திறப்பது. ஊரிலிருந்து வந்த அன்று, “காத்து ஊசி மாதிரி குத்துதுக்கா” என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்தத் தொண்ணூற்று மூன்று வந்த பிறகு, குறிப்பெடுத்து முடித்த பழைய பேப்பர்களை மாவுப் பசை தடவி, நான்கு அடுக்காக வெளியிலிருந்து ஒட்டினேன். “இப்பதான் கதகதப்பா இருக்கு” என்று சந்தோஷப்பட்டாள்.

அன்று காலையும் கதவுக்கு வெளியே உட்கார்ந்து வாசித்தேன். ஒரு மாநாட்டின் பெயரைச் சொன்னேன், அவள் திருப்பிச் சொன்னாள். ஒரு விருதைச் சொன்னேன். பதில் இல்லை. வாளி உருண்ட சத்தம் கேட்டது. தண்ணீர் மட்டும் ஓடியது. நான் தலையங்கத்தைப் படித்தேன். பிறகு வணிகப் பக்கம். பிறகு மொட்டைமாடிக்குப் போய் ஜன்னலில் ஒட்டிய பேப்பர்களைக் கிழித்தேன். ஈரமாக இருந்ததால் எளிதில் வந்துவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து கிடந்தாள். “அக்கா” என்றாள். சத்தமாக இல்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கிழித்த பேப்பரைக் கீழே கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன், கையில் இருந்த பசையைக் கழுவினேன். அதன் பிறகுதான் கதவைத் தட்டினேன், வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டேன். இருபது நிமிடம் இருக்கும்.

ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். பணி ஆணையை நிறுத்திவைப்பார்கள், அது விதி. அதைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் அறிக்கையில் ஒரு வரி சேர்க்க வேண்டும். தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. ஹீட்டர்களைத் திரும்பப் பெற உத்தரவிட்ட அமைப்பு எது என்று கேட்டிருந்தார்கள். நாற்பத்திரண்டாவது கேள்வி. ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில்தான் தேறினேன். அந்த ஒரு மதிப்பெண் யாரையும் ஏமாற்றி வாங்கியது அல்ல, நான் படித்து வாங்கியது என்று மட்டும் எழுதிவிடுங்கள்.