சேவுகன், வயது நாற்பத்து மூன்று

எனக்குச் சர்க்கரை கிடையாது. வெறும் வயிற்றில் தொண்ணூற்றாறு, மிஞ்சினால் நூற்றிரண்டு. இந்த வயதுக்கு இது நல்ல உடம்பு என்று டாக்டரே சொல்வார்.

அன்பு, நேற்று அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்த லேப் ரிப்போர்ட்டை என் முன்னால் வைத்து, வயது போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தாயே, அதற்குப் பதில்தான் இது. தங்கை முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதுகிறேன்.

போன வருஷம் நீ சிங்கப்பூரிலிருந்து வந்தபோது அப்பாவின் சர்க்கரையைக் கவனிக்கும் அந்த ஆப்பை எங்கள் போன்களில் போட்டுக்கொடுத்தது நல்ல எண்ணத்தில்தான். காலை ஏழு மணிக்கு மணியடிக்கும். அப்பா விரலில் குத்தி, மீட்டர் காட்டுவதைப் படமெடுத்துப் போட வேண்டும். அளவு சரியாக இருந்தால் எல்லோர் போனிலும் பச்சை, எகிறினால் சிவப்பு. திருவரங்குளத்தில் நான் குத்துவது திருச்சியில் பெரியண்ணன் நிலவழகனுக்கும், சிங்கப்பூரில் உனக்கும், மாதம் ஒருமுறை வீடியோவில் வரும் டாக்டருக்கும் தெரிந்துவிடும்.

ஆடியில் பக்கத்து ஊரில் மொய் விருந்து. அப்பா கறிச்சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டார். மறுநாள் முந்நூற்றுப் பன்னிரண்டு, சிவப்பு. நீ போனில் அழுதாய். பெரியண்ணன் கத்தினார். "இன்னொரு தடவ சிவப்பு வந்துச்சுன்னா அப்பாவ திருச்சிக்குக் கூட்டிட்டு வந்துருவேன். ஒன்னால பாத்துக்க முடியல" என்றார். மாடி வீட்டில் அடைந்து கிடப்பதென்றால் அப்பாவுக்கு ஆகாது. அடுத்த நாள் ஏழு மணிக்கு விரலை மடக்கிக்கொண்டார்.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு ஒன் வெரல்ல எடுத்துப் போட்டுருடா செம்மலு. நாளையிலேருந்து நான் வாயக் கட்டிக்கிறேன்."

போட்டேன். பச்சை வந்தது. பத்து நிமிடத்தில் நீ எழுதினாய்: "அண்ணே, நீங்க பக்கத்துல இருக்கவும்தான் நான் இங்க நிம்மதியா தூங்குறேன்." படிப்பு ஏறாதவன், திருப்பூரில் கடை வைத்து மூடிவிட்டு வந்தவன், இதுதான் இந்த வீட்டில் என் பெயர். நீ எழுதியதுபோல் ஒரு நல்ல வார்த்தை யாரும் எனக்குச் சொன்னதேயில்லை. அன்றைக்கு அதை எத்தனை தடவை எடுத்துப் படித்தேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் அப்பாவே விரலை நீட்டினார். நான்தான் வேண்டாம் என்றேன். பழியை அவர் மேல் போட்டுவிடாதே. முதல் நாள் அவர் கேட்டது. மீதிப் பதினோரு மாதமும் நானாகச் செய்தது.

டாக்டர் பச்சையைப் பார்த்து இன்சுலினைப் பாதியாக்கினார். அவர் சொன்ன அளவை நான் ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. பிறகு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை வேண்டும் என்றார். புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். லேப்பில் சேவுகன் என்று அப்பா பெயரைச் சொல்லி என் கையை நீட்டினேன். வயது கேட்டபோது என் வயதுதான் வாயில் வந்தது. பயந்துகொண்டேதான் ரிப்போர்ட்டை ஆப்பில் ஏற்றினேன். நீங்கள் எல்லோரும் இதயம் போட்டீர்கள். வயதை யாரும் பார்க்கவில்லை. டாக்டர் இன்சுலினையே நிறுத்திவிட்டார்.

வைகாசியில் செருப்புக் கடித்து அப்பாவின் சுண்டுவிரலில் புண் வந்தது. சிவப்பு வந்தவர்களிடம்தான் அந்த ஆப் பாதத்தையும் படமெடுத்துப் போடச் சொல்லும். பச்சையாக இருந்ததால் கேட்கவில்லை. மஞ்சளை அரைத்து வைத்துக் கட்டினேன். விரல் கறுத்தது.

"வலிக்கலடா, மரத்துக் கெடக்கு. அன்புகிட்ட சொல்லிப்புடுவோமா?" என்று அப்பா கேட்டார்.

"பயந்துரும்ப்பா. இந்த வாரம் போகட்டும்."

சரியென்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அன்று சொல்லியிருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும். மூன்று வாரம் கழித்து, காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது முழங்கால் வரை சீழ் ஏறியிருந்தது. "வீட்டுல சுகர் பாக்கிறீங்களா?" என்று அங்கே கேட்டார்கள். அப்போதும் போனை எடுத்துப் பச்சையைத்தான் காட்டினேன். மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார்.

மீட்டர் பழுது, கம்பெனி மேல் கேஸ் போடுவோம் என்று பெரியண்ணன் சொல்லிக்கொண்டிருக்கிறார். மீட்டரில் ஒரு குறையும் இல்லை. அது காட்டியதெல்லாம் என் ரத்தம். அப்பாவைக் கொன்றது நான். யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல், நான் எங்கும் ஓடமாட்டேன்.

ஒன்றே ஒன்று, அன்பு. விரலில் குத்தும்போதெல்லாம் அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார், நீயும் பார்த்திருக்கிறாய். பதினோரு மாதம் அவர் விரலில் ஒரு ஊசி படாமல் வைத்துப் பார்த்துக்கொண்டேன். பெரியண்ணனால் அது முடிந்திருக்காது.