வண்டி மேல ஏத்தின வீடு

அடியில பூந்து பாத்தது போதும், வெளிய வா தம்பி. அங்க என்ன புதையலா இருக்கப் போகுது? பட்டை ஏத்தணும்னு உங்க சாரு, அதான் எங்க வீட்டுக்காரரு, சொல்லிட்டுப் போனாராக்கும். சொல்லுவாரு. ஸ்பிரிங்குல ரெண்டு பட்டை சேத்துப் போட்டா பின்னாடி தொங்குற வண்டி நிமுந்துடும்னு எவனோ ஒருத்தன் வீடியோ போட்டிருக்கான், இவருக்கு அது வேதவாக்கு. உக்காரு. குழாய் வாங்கக் கடைக்குப் போயிருக்காரு. ஒரு முழக் குழாய் வாங்க, கடையில இருக்குற எல்லாத்தையும் எறக்கச் சொல்லி, ஒவ்வொண்ணையும் வாயில வச்சு ஊதிப் பாத்துட்டுத்தான் வருவாரு. நமக்கு நேரம் இருக்கு.

சிரிக்காத. நெஜமாத்தான் சொல்றேன், ஊதிப் பாப்பாரு.

எங்க போறோம்னு உங்கிட்ட என்ன சொன்னாரு? மலை, கடல், பாலைவனம், நாட்டோட எல்லை வரைக்கும் சுத்திப் பாக்கப் போறோம்னா? தெரு பூரா அப்படித்தான் பீத்திக்கிட்டுத் திரியிறாரு. நம்பாத. எம் பொண்ணு வீட்டுக்குப் போறோம். ஒரே பொண்ணு. அவளப் பாத்து வருஷக்கணக்கா ஆச்சு. பேத்தி பொறந்து, தவழ்ந்து, இப்ப நடக்கவே ஆரம்பிச்சுட்டா, நான் இன்னும் தூக்கல. போன்ல பாத்தா ஆச்சா? எனக்கு அவளத் தூக்கணும். அதுக்காகத்தான் இந்தக் கண்றாவி வண்டியக் கட்டிக்கிட்டு அழுவுறேன், இல்லன்னா என்னிக்கோ கொளுத்தியிருப்பேன்.

பின்ன என்ன, கண்றாவி இல்லாம? சாமான் ஏத்துற வண்டி, அது முதுகுல ஒரு பெட்டி. பெட்டிக்குள்ள அடுப்பு, கட்டில், பாத்திரம் கழுவ ஒரு குழி. ஒரு ஆள் நிக்கணும்னா இன்னொரு ஆள் படுத்தாகணும். இதுக்குப் பேரு வீடாம். எங்க கொழுந்தன் இருக்கானே, இவரோட தம்பி, அவன் பாத்துப் புடிச்சுக் குடுத்தது. அவன் புடிச்சுக் குடுத்து எது உருப்பட்டிருக்கு? அண்ணே, ஒரே ஒரு தடவ வெளியூர் போயிட்டு வந்த வண்டிண்ணே, புதுசு மாதிரின்னான். புதுசு மாதிரியாம்! கதவத் தொறந்தா நாய் வாடை. மெத்தையத் தூக்கினா பூஞ்சை. கூரை ஓரத்துல ஓட்டை, மழை பெஞ்சா சரியா தலைமாட்டுல சொட்டுது. முன்னாடி வச்சிருந்தவன் அந்த ஓட்டைய எத வச்சு அடைச்சிருந்தான் தெரியுமா? சூயிங்கம். மென்னு ஒட்டியிருக்கான் எருமை. நான்தான் ஏணி போட்டு ஏறிச் சொரண்டி எடுத்தேன். உங்க சாரு கீழ நின்னுக்கிட்டு, இது முறையான வேலை இல்லைன்னு தீர்ப்பு சொன்னாரு.

அவரு என்ன உத்தியோகம் பாத்தாருன்னு தெரியும்ல? எடை அளவு இன்ஸ்பெக்டர். கடை கடையாப் போயி, தராசு சரியா இருக்கா, எடைக்கல்லு சரியா இருக்கான்னு பாத்து முத்திரை குத்துறது. எந்தக் கடைக்காரனும் இவரப் பாத்து மனசாரச் சிரிச்சதில்ல. ரிட்டயர் ஆனப்புறம் கடைக்காரங்க தப்பிச்சுட்டாங்க, நான் மாட்டிக்கிட்டேன். வண்டியில எடை கூடக்கூடாதுன்னு வீட்ல இருக்குற ஒவ்வொண்ணையும் தராசுல தூக்கி வச்சாரு. என் புடவையில பாதி வெளிய. இரும்புச் சட்டி வெளிய. எனக்குக் கழுத்து வலி, தலகாணி ரெண்டு வேணும்னேன். ஒண்ண மடிச்சு வச்சுக்கோன்னாரு. சீப்பு ரெண்டு எதுக்குன்னு கேட்டாரு தம்பி, சீப்பு! அவரு தலையில இருக்குறதுக்கு அவருக்கு ஒண்ணுகூடத் தேவையில்ல, அது வேற விஷயம்.

இப்படி சீப்புக்குக் கணக்குப் பாத்த மகராசன், பின்னாடி எதக் கொண்டாந்து வச்சாரு பாத்தியா? ஆமா, அந்தத் தண்ணித் தொட்டி. நீ அதப் பாத்து மூஞ்சியச் சுளிச்சத நானும் பாத்தேன். வண்டியோட வந்தது சின்னத் தொட்டி, நல்லாத்தான் இருந்துச்சு. அதக் கழட்டித் தூக்கிப் போட்டுட்டு, கட்டடம் கட்டுறவங்ககிட்டயிருந்து இத வாங்கிட்டு வந்தாரு. நெரப்பினா ஒரு தெருவே குளிக்கலாம். உள்ள எடம் இல்ல. அதனால பின் சக்கரத்தையும் தாண்டி, கடைசியில, இரும்புச் சட்டம் அடிச்சு உக்கார வச்சிருக்காரு. அங்க வச்சா என்ன ஆகும்? கரெக்ட், ஒனக்குத் தெரியுது. எனக்கும் தெரியும், நான் ஸ்கூல் வேன் ஓட்டினவ. இந்த வண்டியையும் நான்தான் ஓட்டப்போறேன், உங்க சாருக்கு கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாது. தொட்டிய நெரப்பின அன்னிக்கு ஓட்டிப் பாத்தேன். வண்டி மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்குது. ஸ்டியரிங்கத் திருப்பினா நம்ம பேச்சக் கேக்கவே மாட்டேங்குது. வளைவுல தண்ணி ஒரு பக்கம் ஓடுது, வண்டி அது பின்னாலயே ஓடுது.

சரின்னு லாரி எடை போடுற மேடைக்குக் கொண்டு போனோம். அங்க இருந்த ஆளு எடையப் பாத்தான், வண்டியப் பாத்தான், இவரப் பாத்தான். எங்க சார் கெளம்பிட்டீங்கன்னான். ஊர் சுத்தன்னாரு. முன்சக்கரம் தரையில இருந்தாத்தான சார் சுத்த முடியும்னான். ஊருல உள்ளவன் தராசையெல்லாம் நொட்டை சொன்ன மனுஷன், எடைச் சீட்டத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு நின்னாரு. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா! வெளிய காட்டிக்கல. கொஞ்சம் காட்டினேன்.

தொட்டிய எறக்குங்கன்னேன். முடியாதாம். வேற எத வேணாலும் எறக்குறேன், தொட்டி மேல கைய வைக்காதேன்னாரு. அடுப்ப எறக்கிட்டு சின்ன அடுப்பு வச்சாரு. கூடுதல் டயர எறக்கினாரு. போற தூரத்துக்கு ஸ்டெப்னி இல்லாமப் போறோம், தம்பி, எவனாவது செய்வானா? தொட்டி மட்டும் மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கு. கடைசியில, வண்டிக்குப் பட்டை ஏத்திட்டா சரியாப் போயிடும்னு உன்னக் கூப்ட்டிருக்காரு. நீயும் பட்டைய எடுத்துக்கிட்டு வந்து நிக்கிற. பட்டை ஏத்தினா பின்பக்கம் நிமிரும், தொட்டியோட பாரம் எங்க போகும்? ம், தலையச் சொறி. நல்லாச் சொறி.

என்னது? வழி பூரா தண்ணி கெடைக்குமேவா? அதத்தான நானும் தொண்டைத் தண்ணி வத்தக் கேட்டேன். பெட்ரோல் போடுற எடத்துலயெல்லாம் குழாய் இருக்கு. கடைக்குக் கடை பாட்டில் தொங்குது. ரயில்ல போனா இந்தத் தொல்லையே இல்ல, படுத்து எந்திரிச்சா போயிடலாம். ரயில்னு சொன்னாலே மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. வழியப் பத்தி அவருக்கு ஒரு கவலையும் இல்ல, தம்பி. போயிச் சேர்ற எடத்தப் பத்தித்தான்.

உங்கிட்ட சொல்றதுக்கென்ன. எம் பொண்ணு படிச்ச படிப்புக்கு நல்ல வேலையில இருந்தா. அத விட்டுட்டு, ஆடு வளக்குற பையனக் கட்டிக்கிட்டா. பையன் தங்கம். அதிர்ந்து பேச மாட்டான். ஆனா உங்க சாருக்கு ஆட்டுப் புழுக்கைதான் கண்ணுல தெரிஞ்சுச்சு. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம். வரமாட்டேன்னு சொன்னவரு, வந்தாரு. வாழ்த்த வரல. அத்தன பேருக்கு முன்னாடி, கழுத்துல மாலையோட நிக்கிற புள்ளையப் பாத்து, உன் கூரைக்குக் கீழ ஒரு நாள் தலை சாய்க்க மாட்டேன், உன் வீட்டுப் பச்சத் தண்ணி என் பல்லுல படாதுன்னு கத்திட்டு வந்துட்டாரு. அவ அழவே இல்ல. மாலையக் கூடக் கழட்டல, அப்படியே நின்னா. எனக்கு இன்னும் அது கண்ணுக்குள்ளயே நிக்குது.

இப்பப் புரியுதா? சொந்தக் கூரை, சொந்தக் கட்டில், சொந்தத் தண்ணி. அவ வாசல்ல வண்டிய நிறுத்திட்டு, தொட்டித் தண்ணியக் குடிச்சுக்கிட்டு, வண்டிக்குள்ளயே படுத்துக்கிட்டு, பேத்தியக் கொஞ்சிட்டு வந்துடலாம். சொன்ன சொல்லும் கெடாது, பாரு. தூ! அம்மாடி, தப்பாப் பேசிட்டேன்னு ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, போன்லயே சொல்லியிருக்கலாம். அதச் சொல்ல வக்கில்லாம, அதுக்குப் பதிலா ஒரு வீட்டையே வண்டியில ஏத்திக்கிட்டிருக்காரு மனுஷன்.

பாசம் இல்லாதவரா? அதெல்லாம் வண்டி வண்டியா இருக்கு. பேத்தி நடக்குற வீடியோவ பாத்ரூமுக்குள்ள போயி, குழாயத் தொறந்து விட்டுட்டுப் பாக்குறாரு. எனக்குச் சத்தம் கேக்காதுன்னு நெனப்பு. நேத்து வண்டியக் கூட்டுறேன், கட்டிலுக்கு அடியில துணி சுத்தி ஒரு மரக்குதிரை. கொழந்த ஏறி உக்காந்து ஆடுற குதிரை. தேக்கு. என் தலகாணிக்கு எடை பாத்தவரு, அத மட்டும் தராசுல வைக்கல போலருக்கு.

அதனால சொல்றேன் கேளு. பட்டை கிட்டை ஒண்ணும் ஏத்த வேண்டாம். தொட்டிய எறக்கிடு. அவரு வந்து கேட்டா, சட்டம் தாங்காது சார், ரோட்டுல கழண்டு விழுந்து பின்னாடி வர்றவன் செத்துப் போவான்னு சொல்லு. பொய்யும் இல்ல, அது ஆடுறத நீயே பாத்தேல்ல? நான் சொன்னா காதுல ஏறாது, மெக்கானிக்கு சொன்னா கேப்பாரு. பழைய சின்னத் தொட்டி கொல்லையில கெடக்கு, அத மாட்டு. வழிக்கு அது தாராளம்.

அங்க போனப்புறமா? அங்க போறப்ப அது காலியா இருக்கும், அத நான் பாத்துக்கிறேன். வழி பூரா பாத்திரம் கழுவியே தீத்துடுவேன். அவ வீட்டுப் பக்கம் ஒரு கடை கெடையாது, வெறும் மண்ணு ரோடு, ஆட்டுப் பட்டி. இப்ப நல்ல வெயிலு வேற. இவரால தண்ணி குடிக்காம ஒரு பேப்பர் படிச்சு முடிக்க முடியாது. எவ்வளவு நேரம் வீறாப்பா வண்டியில உக்காந்திருப்பாரு? பாப்போம். பொண்ணுகிட்டயும் பேசிட்டேன். நீயாக் கொண்டு போயி நீட்டாத, அவரா வாயத் தொறந்து கேக்கட்டும்னேன். சரிம்மான்னா. அப்புறம், கேப்பாராம்மான்னா.

கேப்பாரு. கேக்க வைக்கிறேன்.

பெரிய ஸ்பானரா? அந்தப் படிக்கட்டு மேல இருக்கு பாரு. கெளம்பு, அவரு வர்ற நேரமாச்சு. மொதல்ல தொட்டிக்குக் கீழ இருக்குற மூடியத் தொற, தண்ணி வடியட்டும்.