முதலாளி போட்ட கையெழுத்து

கோவப்படுங்க தம்பி, வேணாங்கல. உங்க அப்பா கடை, இழுத்து மூடியாச்சு, உங்களுக்குக் கோவம் வராம வேற யாருக்கு வரும்? ஆனா கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அந்த ரூம்லதான் படுத்திருக்காரு. பகல்ல எங்க வீட்லதான் இருப்பாரு, ராத்திரி என் வீட்டுக்காரர் அவர் வீட்ல கொண்டுபோய் விட்டுட்டு வருவாரு.

இந்த டீயக் குடிங்க முதல்ல. ஆறிப்போச்சுன்னா பச்சத் தண்ணி மாதிரி இருக்கும்.

நாங்க அப்பாவ ஏமாத்திக் கையெழுத்து வாங்கிட்டோம்னு இமிகிரேஷன் ஆபீசுக்கு எழுதிப் போடப் போறேன்னீங்க. போடுங்க. போட்டா என் வேலை பெர்மிட்ட ரத்து பண்ணிடுவாங்க, நான் பெட்டியக் கட்ட வேண்டியதுதான். நடந்தது இன்னதுன்னு கேட்டுட்டாவது எழுதுங்க, அவ்வளவுதான் நான் சொல்றது.

அந்த லாண்டரியில எனக்கு இஸ்திரி மேசைதான்னு உங்களுக்கே தெரியும். சின்ன வயசுல அதுக்கு அடியிலதானே ஒளிஞ்சுக்குவீங்க. வெளிய வர்றப்ப தலையெல்லாம் நூல் பிசிறா இருக்கும், உங்க அம்மா திட்டிக்கிட்டே எடுத்து விடுவாங்க.

எங்க எல்லார் பெர்மிட் கார்டும் முதலாளி டிராயர்லதான் இருக்கும். தேதி வந்துச்சுன்னா அவரே எடுத்துட்டுப் போயி புதுப்பிச்சுட்டு வந்து, இந்தா பாத்துக்கன்னு காட்டிட்டு மறுபடி உள்ள வெச்சுப் பூட்டிடுவாரு. நாங்க ஒரு நாளும் வாயத் தொறந்து கேட்டதில்ல. எப்படிக் கேக்குறது? நம்ம மனுஷன், கூடப் பொறந்தவங்க மாதிரி பாத்துக்கிட்டவரு. அவர்கிட்டப் போயி என் கார்டு என்ன ஆச்சுன்னு கேட்டா, உங்களை நம்பலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி இல்ல?

சிரிங்க சிரிங்க. படிச்சவங்க நீங்க, கேட்டிருப்பீங்க. எங்களுக்கு வாய் வராது.

அப்புறம் உங்க அம்மா தவறிட்டாங்க. அந்த வருஷந்தான் எனக்குப் பெர்மிட் தேதி நெருங்குது. உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. இன்னைக்குக் கேட்டுடணும்னு கடைக்குப் போவேன். அவரு வந்ததும் அம்மா ஒக்கார்ற ஸ்டூலை ஒரு பார்வ பாப்பாரு. அவ்வளவுதான், நான் அடுத்த சட்டைய எடுத்து விரிச்சுக்குவேன். எழவு விழுந்த வீட்ல என் கார்டு என் கார்டுன்னு நிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க.

அப்புறம் ஒரு நாள் கையில நீராவி அடிச்சுத் தோல் உரிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில கவுண்டர் பொண்ணு நம்பரத் தட்டிப் பாத்துட்டு, உங்க பெர்மிட் முடிஞ்சு போச்சேம்மாங்குறா. கை எரிச்சல் இருந்த இடம் தெரியல. மருந்துகூட வாங்காம ஓடி வந்துட்டேன்.

அதுக்கப்புறம் நான் பட்ட பாடு நாய் படாது தம்பி. காக்கியோ நீலமோ, யூனிஃபார்ம் போட்ட ஆளக் கண்டாலே எதிர்ப்பக்கம் போயிடுவேன். தபால்காரனுக்கே பயந்து ஒளிஞ்சிருக்கேன், பாத்துக்கங்க. ஊர்ல என் பொண்ணுக்குப் பிரசவம். போனா திரும்பி உள்ள விடமாட்டான். பேரன போன்லதான் பாத்தேன். அந்தப் பக்கம் எல்லாரும் சிரிக்கிறாங்க, நான் பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதேன்.

வக்கீல் ஒரு வழிதான் சொன்னாரு. தப்பு தொழிலாளி மேல இல்ல, என் மேலதான்னு முதலாளி நேர்ல வந்து சொல்லிக் கையெழுத்துப் போடணும். போட்டா எனக்குத் திரும்பக் கெடைக்கும். ஆனா அவரு இனிமே வெளிநாட்டு ஆளுங்கள வேலைக்கு வெச்சுக்க முடியாது. எங்கள விட்டா அந்தக் கடையில யாரு இருக்கா?

நான் கேக்கல தம்பி. எம்புள்ள மேல ஆணையா கேக்கல. என் வீட்டுக்காரர்தான் மனசு பொறுக்காம முதலாளிகிட்டச் சொல்லித் தொலைச்சிருக்காரு. மறுநாள் முதலாளி வந்து இஸ்திரிப் பெட்டி பிளக்கப் புடுங்கிட்டு, கெளம்பும்மா போலாம்னாரு. வேணாம் முதலாளி, தம்பிக்குத் தெரிஞ்சா வருத்தப்படும்னேன். காதுலயே வாங்கல.

இமிகிரேஷன்ல இருந்த ஆபீசர் நல்ல மனுஷன். சம்சாரம் போன துக்கத்துல விட்டுப்போச்சான்னு அவனே எடுத்துக் குடுத்தான். ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அபராதத்தோட போயிருக்கும், கடையும் தப்பிச்சிருக்கும். நான் இந்தப் பக்கம் இருந்து கண்ணக் காட்டுறேன். இவரு, போய்ச் சேந்தவ மேல பழி போடாதீங்க சார், நான் மறந்துட்டேன்னாரு. வெறும் மறந்துட்டேன்.

அதான் நம்ப முடியலங்குறீங்க. பட்டன் அறுந்த சட்டையப் பாத்தே யாரோடதுன்னு சொல்றவரு எப்படி மறப்பாருங்குறீங்க.

திரும்பி வர்றப்ப பஸ்ல, நாம எங்கம்மா போறோம்னு கேட்டாரு. ஆபீசுக்குப் போயிட்டுத்தானே வர்றோம் முதலாளின்னேன். அவருக்கே வெளங்கிடுச்சு போல, பையன்கிட்டச் சொல்லிடாதம்மா, வேலைய விட்டுட்டு ஓடியாந்துடுவான்னாரு. அம்மா இருந்தவரைக்கும் அம்மாதான் பக்கத்துலயே நின்னு ஒண்ணொண்ணா ஞாபகப்படுத்திக் குடுத்திருக்காங்க. எங்க யார் கண்ணுக்கும் தெரியல.

இத நான் உங்ககிட்டச் சொல்லியிருக்கக் கூடாது. அவருக்கு வாக்குக் குடுத்தேன், அது ஒண்ணு. இன்னொண்ணு, ஞாபகம் தப்புற மனுஷன் போட்ட கையெழுத்துன்னு தெரிஞ்சா என் பெர்மிட் நிக்குமோ நிக்காதோ. வக்கீலுக்கே நான் சொல்லல. இப்ப உங்களுக்கு எழுதிப் போடறதுக்கு நல்ல காரணமே கெடைச்சிடுச்சு. எழுதணும்னா எழுதுங்க. ஓடி ஒளிஞ்சு எனக்கும் அலுத்துப் போச்சு.

ஆனா அப்பா மேல கோவத்தோட போயிடாதீங்க. சித்த முன்னாடி அவரு கதவத் தொறந்து யாரு வேணும்னு கேட்டுட்டு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உள்ள போயிட்டாருன்னுதானே இந்தக் கொதி கொதிக்கிறீங்க. அது கோவம் இல்ல தம்பி. நேரா அடுப்படிக்கு வந்து என்கிட்ட, யாரோ ஒரு பையன் வந்து வாசல்லயே நிக்குறான், பாவம் களைச்சுப் போயிருக்கான், உள்ள கூப்பிட்டு டீ குடும்மான்னு சொல்லிட்டுத்தான் போயிப் படுத்தாரு.