கட்டாமல் வைத்த காசு

கடனட்டையை எப்படிப் பாவிப்பது என்று யாராவது கேட்டால் நான் ஒரே பதில்தான் சொல்வேன்: கையில் காசு இருக்கும்போது மட்டும் பாவியுங்கள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். காசு இருந்தால் அட்டை எதற்கு என்பார்கள். மாதா மாதம் வங்கி அனுப்பும் கணக்கில் குறைந்தபட்சக் கொடுப்பனவு என்று ஒரு சின்னத் தொகை போட்டிருக்கும். அதைக் கட்டினால் போதும் என்று நம்பிய எத்தனையோ பேர் என் மேசைக்கு முன்னால் இருந்து அழுதிருக்கிறார்கள். என்னிடம் அட்டை எடுத்தவர்களை அப்படி அழ விடக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். திருநெல்வேலிக் கிளையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சேர்.

நீங்கள் தலைமையகத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருப்பது செந்தூரனுடைய கணக்கு விஷயமாக. அதைப் பற்றி மட்டும் சொன்னால் போதும் என்றீர்கள். அதை மட்டும் சொன்னால் நான் ஏதோ மோசமான ஆள் போலத் தெரியும். கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல விடுங்கள்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் பேசினால் சாதகம் பார்ப்பார்கள். பெடியன் குடிக்கிறவனா என்று சந்திக் கடையில் விசாரிப்பார்கள். இந்தச் சில வருடங்களாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் மாப்பிள்ளை எப்படி நிற்கிறார் என்று அறிய ஆசைப்படுகிறார்கள். கிறிப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள், உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கே கடன் எடுத்தார், எந்தத் தவணையைத் தவறவிட்டார் என்று எல்லாம் அதில் இருக்கும். ஆளுக்கு ஒரு புள்ளியும் போட்டிருக்கும். பத்துப் பொருத்தத்துக்குப் பிறகு பதினோராவது பொருத்தம் என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். தேத்தண்ணி குடிப்பார்கள், மழையைப் பற்றிக் கதைப்பார்கள். எழும்பும்போதுதான் விஷயம் வரும்.

"நல்ல பெடியன் எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம். எண்டாலும் றஞ்சித், ஒருக்கால் தட்டிப் பாருமன்."

அடையாள அட்டை இலக்கம் எழுதிய துண்டை மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். நான் திங்கட்கிழமை கணினியில் தட்டிப் பார்த்துச் சொல்வேன். உரியவரின் சம்மதமில்லாமல் பார்ப்பது பிழை என்று எனக்குத் தெரியும். ஒரு சதமும் வாங்கவில்லை. சிலர் பலாப்பழம் கொண்டுவந்து தந்தார்கள், அதை மறைக்கவில்லை.

வீடு என்றேனே, அது என் தங்கை நிரோஜாவின் வீடு. எங்கள் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்குத்தான். அப்பா இருக்கும்போதே அவளுக்கென்று எழுதிவிட்டார். அவள் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார், நாங்கள் வெளிக்கிட வேண்டும். என் மனைவிக்குச் சீதனமாகக் கிடைத்த காணி பலாலிப் பக்கத்தில் ஆமி இன்னும் விடாத துண்டுக்குள் கிடக்கிறது. எனக்கு இரண்டு பிள்ளைகள். இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. வேறு யாராவது சொல்லி நீங்கள் அறிவதைவிட நானே சொல்வது முறை என்று நினைத்தேன்.

நிரோஜா கம்பஸ் நூலகத்தில் வேலை. அவளுக்கு முதலில் பேசி வந்த மாப்பிள்ளை சாவகச்சேரி ஆள். தட்டிப் பார்த்தால் மூன்று இடத்தில் கடன், மூன்றிலும் தவணை தவறியிருந்தது. சொன்னேன். அந்தப் பேச்சு நின்றது. "அண்ணை இல்லாட்டி நான் கிணத்துக்கை விழுந்திருப்பன்" என்று அவள் என் கையைப் பிடித்தாள். அது முழுக்க உண்மையான அறிக்கை, நீங்கள் சரிபார்க்கலாம்.

இரண்டாவது ஆள் ஆசிரியர். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரேயொரு தவணை பிந்தியிருந்தது, அவ்வளவுதான். நான் அதைக் கொஞ்சம் பெருப்பித்துச் சொன்னேன். மூன்றாவது ஆளிடம் ஒரு குறையும் இருக்கவில்லை. இருக்கிறது என்றேன். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மூன்று முறையும் அவள் ஒரே மாதிரித்தான் நன்றி சொன்னாள்.

செந்தூரனை யாரும் பேசிக் கொண்டுவரவில்லை. சண்டிலிப்பாய்க்காரர். தோட்டக்காரரிடம் மரக்கறி எடுத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கும் கம்பஸ் கன்ரீனுக்கும் போடுகிறவர். நிரோஜா அவரைக் கன்ரீனில் பழக்கம் பிடித்தாள். அவருக்குக் கடனட்டை எடுத்துக் கொடுத்ததே நான்தான், அதற்கும் முந்திய வருடம். கடனே எடுக்காத ஆளுக்குப் புள்ளியும் வராது, நாளைக்கு ஒரு லொறி எடுக்கப் போனால் உங்களை ஒருவருக்கும் தெரியாது, இதில் பெற்றோலை அடித்து மாதம் மாதம் முழுவதையும் கட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். சொன்ன சொல் தவறாமல் கட்டினார். என்னிடம் படித்தவர்களில் அவர்தான் திறம்.

நிரோஜா வந்து, "அண்ணை, இந்த முறை நீங்கள் ஒண்டும் பாக்கத் தேவையில்லை" என்றாள். நான் பார்த்துவிட்டேன் என்றேன். நிறையக் கடன் இருக்கிறது என்றேன்.

"இருந்தா என்ன? ரெண்டு பேருமாக் கட்டுவம். ரெண்டு சம்பளம்தானே."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அன்று எனக்குப் பெரிய சங்கடமாகப் போய்விட்டது. ஒரு மனிதனைப் பற்றி நான் சொன்னது பொய்யாக இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. எப்படியும் அது ஒருநாள் அவளுக்குத் தெரியவரும். அறிக்கையை நான் சொன்னதற்கு ஏற்றபடி ஆக்குவதுதான் வழி என்று பட்டது.

அது கஷ்டமாக இருக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு வங்கியை நம்பிப் பழக்கமில்லை, வங்கியில் இருக்கும் தெரிந்த ஆளை நம்பித்தான் பழக்கம். செந்தூரன் ஒருநாளும் வரிசையில் நின்று காசு கட்டியதில்லை. சந்தையிலிருந்து வரும் வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, உறையில் காசைப் போட்டு என் கையில் தந்துவிட்டுப் போவார். "அண்ணை, இதை ஒருக்கால் கட்டிவிடுங்கோ." பற்றுச்சீட்டுக் கேட்கமாட்டார். மச்சான் ஆகப்போகிறவரிடம் யார் பற்றுச்சீட்டுக் கேட்பார்கள்? நான் வாங்கினேன். கட்டவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

வங்கியின் நினைவூட்டல்கள் அவருடைய போனுக்குப் போகாமலிருக்க இலக்கத்தையும் மாற்றினேன். இல்லாத ஒரு இலக்கத்தைப் போட்டிருக்கலாம். அது யாராவது ஒரு அப்பாவியின் இலக்கமாக இருந்து அந்த மனிதருக்குத் தொல்லையாகிவிடும் என்று, என் மனைவி பாவியாமல் வைத்திருந்த பழைய இலக்கத்தையே போட்டேன். உங்கள் கையில் நான் அகப்பட்டது இந்த இடத்தில்தான். வேறொருவருக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று நினைத்ததால் வந்த வினை.

அந்த உறைகள்தான் இவை. மேசையில் வைக்கிறேன், எண்ணிக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு இடித்த மாதங்களிலும் நான் இவற்றைத் தொடவில்லை. நான் கள்ளன் இல்லை, சேர்.

லொறி வந்த பிறகுதான் கலியாணம் என்று செந்தூரன் சொல்லியிருந்தார். ஒரு பழைய லொறியைப் பார்த்து முற்பணமும் கொடுத்துவிட்டார். மிச்சத்துக்கு லீசிங் எடுக்கப் போன இடத்தில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். மாதக்கணக்காகக் கட்டாத ஆள், உங்களுக்கு ஒருவரும் கடன் தரமாட்டார்கள் என்று. லொறிக்காரர் முற்பணத்தைத் திருப்பித் தரவில்லை. செந்தூரன் நேரே என்னிடம்தான் ஓடி வந்தார்.

"அண்ணை, நீங்கள் கட்டினனீங்கள்தானே?"

"ஓம் தம்பி. கொம்பியூட்டரிலை ஏதோ பிழை போல. நான் பாக்கிறன்."

நம்பிக்கொண்டு போனார். அந்தப் பொய்யை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன். மற்றவை பொய் என்று சொல்ல முடியாதவை.

இரண்டு கிழமை போக, ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்தார். காசு கட்டப்படவேயில்லை என்று எங்கோ யாரோ விளங்கப்படுத்தியிருக்க வேண்டும். முற்றத்தில் நின்றார், ஹெல்மெற் கையில் இருந்தது. நிரோஜா கதிரை கொண்டுவந்து போட்டாள். அவர் அதில் இருக்கவில்லை.

"அண்ணை, நான் மாதம் மாதம் உங்கடை கையிலைதானே காசு தந்தனான்? நிரோஜாவுக்கு ஒருக்கால் சொல்லுங்கோ. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

நிரோஜா என்னைப் பார்த்தாள். அவளிடம் பொய் சொல்லக்கூடாது என்று நான் பேசாமல் நின்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"என்ன அண்ணை, பேசாமல் நிக்கிறியள்?"

"விடு பிள்ளை" என்றேன். "உவர் பாவம். கஷ்டத்திலை கதைக்கிறார்."

நான் சொன்னது அவ்வளவுதான். அதில் எந்தச் சொல் பொய்? செந்தூரன் பாவம்தான், கஷ்டத்தில்தான் இருந்தார். ஆனால் நிரோஜாவின் முகம் மாறியதை நான் கண்டேன். கடனுக்கு அசையாதவள் அதற்கு அசைந்துவிட்டாள்.

"கஷ்டமெண்டா என்னட்டைச் சொல்லியிருக்கலாமே" என்றாள் அவரிடம். "ரெண்டு பேருமாக் கட்டுவமெண்டு இருந்தனான். என்னை வளத்து ஆளாக்கின மனுசனைக் கள்ளனாக்கிப் போட்டு, இந்த வீட்டுப் படியிலை இனிக் கால் வைக்க வேண்டாம். போங்கோ."

"நிரோஜா, நான் சொல்லுறதை..."

"போங்கோ எண்டு சொன்னனான்."

அவர் என்னைத்தான் பார்த்தார். ஒரு சொல் சொல்வேன் என்று கடைசிவரை எதிர்பார்த்தார் போல. பிறகு படலையைச் சாத்திவிட்டுப் போனார். அந்த நேரத்திலும் படலையைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போகவில்லை. நல்ல வளர்ப்பு.

சண்டிலிப்பாயில் தோட்டக்காரர் அவருடைய வாய்ச்சொல்லுக்கு மரக்கறி கொடுத்தவர்கள். விற்ற பிறகுதான் காசு. கிறிப்பில் விழுந்த ஆள் என்ற கதை அங்கே போனதும் முன்காசு கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கதையை நான் பரப்பவில்லை. கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்று சொல்லவுமில்லை. இப்போது அவர் திருநெல்வேலிச் சந்தையில் மற்றவர்களுடைய மூட்டைகளை ஏற்றி இறக்குகிறார். மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகும்போது காண்பேன். என்னைக் கண்டால் அவர்தான் முகத்தைத் திருப்புவார். வெட்கப்பட வேண்டியது நான், ஆனால் அவர்தான் வெட்கப்பட்டார்.

எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை என்று நினைக்காதீர்கள். இருக்கிறது. அது என்னைத் தின்கிறது. நிரோஜா அதற்குப் பிறகு எங்களுக்கு முன்னால் அழவில்லை. "இனி எனக்கு ஒருத்தரையும் பாக்காதேங்கோ அண்ணை" என்று மட்டும் சொன்னாள். மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டை என் சாப்பாட்டுக் கோப்பையில்தான் போடுவாள். நான் அதைப் பிள்ளைகளின் பக்கம் தள்ளிவிடுவேன். கோயிலுக்குப் போனால் என் பெயர் நட்சத்திரம் சொல்லித்தான் முதலில் அர்ச்சனை செய்விப்பாள். ஐயர் என் பெயரை உச்சரிக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன், பக்தி என்று அவள் நினைப்பாள். என் மூத்தவளின் ரியூசன் காசும் அவள்தான் கட்டுகிறாள். எத்தனையோ முறை சொல்லிவிடுவோம் என்று அவளுடைய அறை வாசல்வரை போயிருக்கிறேன். உள்ளே பிள்ளைகள் அவளோடு இருந்து படித்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் போய் எதற்கு என்று திரும்பிவிடுவேன்.

பயந்து இதெல்லாம் சொல்கிறேனா என்று கேட்டீர்கள். இல்லை. உறைகளை நான் தந்திராவிட்டால் உங்களால் காசு கையாடல் என்று மட்டும்தான் எழுதியிருக்க முடியும். அந்தப் பெயர் எனக்கு வேண்டாம். என்ன செய்தேனோ அதை எழுதுங்கள்: றஞ்சித் என்கிற நான், என் தங்கை கலியாணம் முடிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக, ஒரு குறையும் இல்லாத ஒருவனைக் கடன்காரன் ஆக்கினேன். அவனை அவள் வாயாலேயே துரத்த வைத்தேன். கையெழுத்து வைக்கிறேன். செந்தூரனுடைய அறிக்கையைத் திருத்திக் கொடுங்கள், அவருக்குப் புள்ளி பழையபடி ஏறட்டும். என்னை வேலையிலிருந்து நிறுத்துங்கள், பொலிஸுக்கும் அறிவியுங்கள்.

ஒன்று மட்டும் கேட்பேன். வெளியே வாடிக்கையாளர் கதிரையில் நீலச் சேலையோடு ஒருத்தி இருக்கிறாளே, அவள்தான் நிரோஜா. விசாரணை என்றதும் நான் காசில் கை வைத்துவிட்டேன் என்று நினைத்துவிட்டாள். ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய கலியாணத்துக்கென்று அப்பா செய்து வைத்த அட்டியலும் காப்பும் இப்போது அவளுடைய கைப்பைக்குள் இருக்கின்றன. வரும்போது மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து, "எவ்வளவு குறைஞ்சாலும் நான் கட்டிறன் அண்ணை, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றாள்.

அவளிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை, அவள் தாங்கமாட்டாள், அண்ணனாக நான் அதைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் வெளியே போகும்போது காசு குறைகிறது என்று ஏதாவது ஒரு தொகையைச் சொல்லுங்கள். தந்துவிடுவாள், அவளுக்கும் அது ஒரு ஆறுதலாக இருக்கும்.